வேதாளத்தை மாதாமாதம் மரம் ஏற்றியவர்

சென்ற இதழில் நீர்த்தொட்டி சுத்தம் செய்த செலவுக் கணக்கை எழுதியவன்தான் இந்த முறையும் எழுதுகிறேன். கணக்கு போதும், படிக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருடம் வங்கி கவுண்ட்டரில் உட்கார்ந்தவனிடம் கதை கேட்டால் என்ன செய்வது? ஆனால் இந்த முறை சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. வரும் கூட்டத்தில் நாம் முடிவு செய்யவேண்டிய ஒன்றுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுடுகாடு. கீழே மண்டையோடுகள். நடுவில் மீசை வைத்த ஒரு ராஜா, கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம். ஐம்பதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் அம்புலிமாமா என்பார்கள். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், வரைந்தவர் சங்கர் என்பார்கள். அந்தச் சுடுகாடு நம் வீட்டுக் கூடத்துக்குள் வரலாம், ஏழு வயதுப் பிள்ளை கையிலும் இருக்கலாம் என்று துணிந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தெரியாது. இத்தனைக்கும் அவர் பெயர் இதழ்தோறும் அச்சாகிக்கொண்டுதான் இருந்தது: சக்ரபாணி.

அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. ஆலூரி வெங்கட சுப்பாராவ் என்பது வீட்டில் வைத்த பெயர். 1908 ஆகஸ்ட் 5 அன்று, குண்டூர் ஜில்லாவில் தெனாலியை ஒட்டிய ஐதாநகரில் பிறந்தவர். தெனாலி என்றால் நமக்கு ராமன் நினைவுக்கு வருவான். தெலுங்கு நாட்டில் தெனாலிக்கு இன்னொரு பெருமையும் உண்டு, எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் விளைந்த ஊர். சுதந்திரப் போராட்டக் காலத்துப் பையன்கள் பலரைப்போல அவரும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார், இந்தி படித்தார். ஓர் இந்தி அறிஞர் சூட்டிய புனைபெயர்தான் சக்ரபாணி. அதுவே கடைசிவரை நிலைத்துவிட்டது.

1932-இல் அவருக்குக் காசநோய். அந்த வருடத்தைக் கவனியுங்கள். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டுபிடித்ததே 1943-இல்தான். அதற்கு முன்னால் காசநோய் என்றால் மருந்து என்று ஒன்றும் கிடையாது. நல்ல காற்று, பால், முட்டை, படுக்கை, பொறுமை, மிச்சம் தெய்வாதீனம். வசதி இருந்தவர்கள் மதனப்பள்ளி சானடோரியத்துக்குப் போனார்கள். அங்கே போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. இருபத்து நான்கு வயதில் சக்ரபாணி அங்கே போய்ப் படுத்தார்.

படுத்தவர் சும்மா இருக்கவில்லை. அங்கே இருந்த காலத்தில் வங்காளி மொழி கற்றுக்கொண்டார். நினைத்துப் பார்த்தால் எனக்கு இதுதான் இந்த மனிதரின் வாழ்க்கையிலேயே பெரிய ஆச்சரியம். நாளை இருப்போமா என்று தெரியாத இடத்தில், தன் ஊரில் யாரும் பேசாத ஒரு மொழியை எழுத்துக்கூட்டி ஒருவன் படிக்கிறான் என்றால் அவன் எப்படிப்பட்ட ஆள்! பிழைத்து வந்தார். சரத்சந்திரரின் நாவல்களைத் தெலுங்கில் கொண்டுவந்தார். அந்த மொழிபெயர்ப்பு எவ்வளவு இயல்பாக இருந்தது என்றால், சரத்சந்திரர் தெலுங்கு எழுத்தாளர்தான் என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு என்று அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அதைவிடப் பெரிய பட்டம் இல்லை. தன்னைக் காட்டிக்கொள்ளாமல் கதையை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும் அந்தக் கை, பின்னால் அம்புலிமாமாவில் வேலை செய்ததை நீங்கள் பார்க்கலாம்.

சென்னைக்கு அவரை இழுத்தது சினிமா. 1941-இல் வந்த தர்மபத்னிக்கு வசனம் எழுதினார். பி.என்.ரெட்டி எடுத்த ஸ்வர்க்கசீமா (1945) படத்துக்குக் கதை எழுதினார். அந்த பி.என்.ரெட்டியின் தம்பிதான் நாகிரெட்டி. ஜார்ஜ் டவுனில் ஆச்சாரப்பன் தெருவில் பி.என்.கே. பிரஸ் வைத்திருந்தார். ஒருவருக்கு எழுத்து தெரியும், கையில் காசு கிடையாது. மற்றவருக்கு மெஷின் தெரியும், வியாபாரம் தெரியும், ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரியும். நாகிரெட்டி–சக்ரபாணி என்று இரண்டு பெயரையும் ஒரே பெயர்போலச் சொல்லும் வழக்கம் அங்கே ஆரம்பித்தது. கூட்டு வியாபாரம் எத்தனை நாள் நிலைக்கும் என்று வங்கியில் இருந்தவனுக்கு நன்றாகத் தெரியும். பார்ட்னர்ஷிப் கணக்கு திறக்கும்போது இருக்கும் சிரிப்பு மூடும்போது இருக்காது. இவர்களுடையது சக்ரபாணி இறக்கும்வரை, முப்பது வருடம்போல, உடையாமல் இருந்தது.

1947 ஜூலை. சுதந்திரத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா என்று ஒரே பத்திரிகை இரண்டு பெயரில் வெளிவந்தது. குழந்தைக்குச் சோறூட்டும்போது நிலாவைக் காட்டிக் கூப்பிடும் பெயர் இரண்டும். 1949-இல் கன்னடமும் இந்தியும் சேர்ந்தன. பிறகு மராட்டி, மலையாளம், குஜராத்தி என்று கிளை விட்டு, 1955-இல் ஆங்கிலமும் வந்தது. எல்லாவற்றுக்கும் மூலம் தெலுங்கு. தெலுங்கில் எழுதி, திருத்தி, அதிலிருந்து மற்ற மொழிகளுக்குப் போகும். பிற்பாடு ஆபீஸும் அச்சகமும் வடபழனி ஆற்காடு ரோட்டுக்கு வந்தன. பட்டினப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர், தி.நகர் வழியாகப் போகும் 12பி பஸ்ஸில் ஏறினால் நம் வீட்டிலிருந்து நேரே போய் இறங்கலாம். அந்த ரோட்டில் ஒரு கட்டடத்துக்குள் இத்தனை மொழிக் குழந்தைகளுக்கும் சமையல் நடந்துகொண்டிருந்தது.

சமையலில் ஒரு முறை உண்டு. பக்கத்துக்கு ஒரு படம், இது சக்ரபாணியின் கட்டளை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை, படிக்கவே தெரியாத பிள்ளை, கண் மங்கிய பாட்டி, மூன்று பேரும் ஒரே பக்கத்தைப் பார்த்துக் கதை தெரிந்துகொள்ள வேண்டும். இதில் செலவுக் கணக்கும் இருக்கிறது, அதை நான் சொல்லாமல் விட்டால் என் படிப்புக்கு அழகில்லை. படம் எல்லா மொழிக்கும் ஒன்றேதான். ஒருமுறை வரைந்து, ஒருமுறை பிளாக் எடுத்துவிட்டால், எழுத்தை மட்டும் மாற்றி எத்தனை மொழியிலும் அடிக்கலாம். ஓவியருக்குக் கொடுக்கும் சம்பளம் இத்தனை பதிப்புக்கும் பங்காகிவிடும். அதனால்தான் நல்ல ஓவியர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடிந்தது, வண்ணத்தில் அச்சடிக்க முடிந்தது. படம் இடம் மாறாது, ஆகவே தமிழ் வாக்கியம்தான் வளைந்து கொடுக்கவேண்டும். அந்தக் காலத்து அம்புலிமாமாத் தமிழ் சுருக்கமாக, அலங்காரம் இல்லாமல் இருந்ததற்கு இந்த இட நெருக்கடியும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இனி வேதாளத்துக்கு வருவோம். கதை நம்மூர்க் கதைதான், ஆனால் எவ்வளவு பழசு என்று பலருக்குத் தெரியாது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் என்ற பண்டிதர், சூரியமதி என்ற ராணியின் மனம் மகிழ்வதற்காகக் கதாசரித்சாகரம் என்று ஒரு பெருநூல் செய்தார். அதற்கும் மூலம் குணாட்டியரின் பிருகத்கதை. அது பைசாச மொழியில் இருந்ததாகச் சொல்வார்கள், நூல் இன்று கிடைக்கவில்லை. அந்தச் சாகரத்துக்குள் ஒரு சுழல்தான் இருபத்தைந்து வேதாளக் கதைகள். அங்கே ராஜாவின் பெயர் திரிவிக்ரமசேனன், ஊர் கோதாவரிக் கரைப் பிரதிஷ்டானம். மக்கள் வாயில் அவன் விக்கிரமாதித்தன் ஆனான். சமஸ்கிருதத்தில் பிணம் தொங்குவது சிம்சபா மரம். தமிழுக்கு வந்ததும் அதை முருங்கை மரம் ஆக்கிவிட்டோம். வீட்டுக் கொல்லையில் இருக்கும் மரம் என்றால்தானே பயம் வரும்!

தமிழில் வேதாளக் கதை ஏற்கெனவே நன்றாக வேரூன்றியிருந்தது. 1831-இலேயே அந்தத் தமிழ் வடிவத்தைப் பாபிங்டன் என்ற வெள்ளைக்காரர் ஆங்கிலமாக்கி லண்டனில் அச்சிட்டிருக்கிறார். நம் சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்துவிட்டுப் போய் டாக்டரான ஆள் அவர். தொண்டைக்குள் பார்க்கும் கண்ணாடிக் கருவியை முதலில் செய்துகாட்டியவரும் அவரே. வேதாளத்துக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தமோ தெரியாது. 1870-இல் ரிச்சர்ட் பர்ட்டன் பதினோரு கதையை மட்டும் எடுத்துத் தன் மனம்போல மாற்றி, பயங்கரமான படங்களோடு வெளியிட்டார். இங்கே பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் விக்கிரமாதித்தன் திண்ணைதோறும் இருந்தான். ஆக, சக்ரபாணி புதையல் ஒன்றையும் தோண்டி எடுத்துவிடவில்லை. எல்லோர் வீட்டிலும் இருந்த பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்.

கதைச் சட்டம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் பேரப்பிள்ளைகளுக்காக ஒருமுறை. ஒரு சந்நியாசி நாள்தோறும் ராஜாவுக்கு ஒரு பழம் கொடுக்கிறான். ராஜா அதை அப்படியே கருவூலக்காரனிடம் தள்ளிவிடுகிறான். ஒருநாள் ஒரு குரங்கு பழத்தைக் கடிக்க, உள்ளிருந்து ரத்தினம் விழுகிறது. இத்தனை நாள் பழமும் ரத்தினமே. கடன்பட்டுவிட்ட ராஜாவிடம் சந்நியாசி கைம்மாறு கேட்கிறான்: இருட்டுப் பட்சத்து இரவில் சுடுகாட்டுக்கு வா, மரத்தில் தொங்கும் பிணத்தை வாய் திறக்காமல் தூக்கி வா. பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் வழியில் கதை சொல்லி ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சிதறும். சொன்னால் மௌனம் கலையும், வேதாளம் மரத்துக்குப் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம். இப்படி ஒரு பொறியை ஆயிரம் வருடத்துக்கு முன்பே யோசித்த மூளையை என்னவென்று சொல்வது!

கடைசிக் கதை இன்னும் விசேஷம். ஒரு தகப்பனும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடத்தைப் பார்க்கிறார்கள். ஒன்று பெரிய பாதம், மற்றது சின்னது. பெரிய பாதத்துக்காரி தாயாகத்தான் இருப்பாள், அவள் தகப்பனுக்கு, சின்னவள் மகனுக்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது! சொன்ன சொல் மாறாமல் தகப்பன் மகளையும், மகன் தாயையும் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் குழந்தை பிறந்தால் அந்தக் குழந்தைகள் ஒன்றுக்கொன்று என்ன உறவு? அத்தை மகள், மாமன் மகள் என்று உறவுக்குள்ளேயே கட்டிப் பழகிய நமக்கே தலை சுற்றுகிறது. ராஜாவுக்கு விடை தெரியவில்லை. தெரியாததால் மௌனமாக இருக்கிறான், தலையும் சிதறவில்லை. அங்கே வேதாளம் மெச்சி, சந்நியாசி உன்னைப் பலி கொடுக்கப் பார்க்கிறான், விழுந்து கும்பிடு என்பான், எப்படி என்று செய்துகாட்டச் சொல், அவன் குனிந்ததும் வெட்டு என்று ரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கிறது. கதை முடிகிறது.

சக்ரபாணிக்கு வந்த சிக்கல் இதுதான்: முடிந்துவிட்டால் அடுத்த மாதம் எதைப் போடுவது? இருபத்தைந்து கதை இரண்டே வருடத்துக்குத்தான் வரும். அவர் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் கதையை மட்டும் மாதாமாதம் மாற்றினார். பழைய கதைகள் தீர்ந்தபின் புதிதாக எழுத வைத்தார். அரசன், வணிகன், திருடன், வைத்தியன், சீடன் என்று எந்தக் கதையானாலும் முடிவில் ஒரு தர்மசங்கடம் இருந்தால் போதும், அது வேதாளக் கதை ஆகிவிடும். எங்கள் வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாத தொகையை அங்கே நிறுத்திவைப்போம். மாதக் கடைசியில் தீராவிட்டால் மீதியை அடுத்த மாதத்துக்குத் தூக்கிப் போடுவோம். சக்ரபாணி வேதாளத்தைத் தோளிலிருந்து இறக்கவிடாமல் அப்படித்தான் மீதியைத் தூக்கிப் போட்டுக்கொண்டே போனார். இருபத்தைந்து என்று தொடங்கியது நூற்றுக்கணக்கில் போனது. அவர் காலத்துக்குப் பிறகும் போனது.

மூலத்தில் சிற்றின்பமும் குரூரமும் தாராளமாக உண்டு. அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டை எடுக்கவில்லை. பிணத்தை எடுக்கவில்லை. கேள்வியை எடுக்கவில்லை. தலை மாறிப்போன கதை உங்களுக்கு நினைவிருக்கும்: அம்மன் கோயிலில் தலையை வெட்டிக்கொண்ட இருவருக்கும் அந்தப் பெண் அவசரத்தில் தலையை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் அவள் புருஷன்? ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மான் 1940-இல் இதை வைத்து ஒரு குறுநாவல் எழுதினார். பிறகு கிரிஷ் கர்னாட் ஹயவதன நாடகம் எழுதினார். பெரியவர்கள் இப்படி மண்டையை உடைத்துக்கொண்ட ஜாதிக் கேள்விகளை, நாலாம் கிளாஸ் பையனும் யோசிக்கட்டும் என்று விட்டது அம்புலிமாமா. நீதி இதுதான் என்று கடைசி வரியில் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் கதைகளுக்கு நடுவில், வேதாளம் மட்டும் முதலில் நம்மைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பிறகுதான் விடை சொல்லும். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, அக்கா, அண்ணா, நான் மூவரும் சண்டை போடுவோம். ராஜாவின் விடை தப்பு என்று என் அக்கா பலமுறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள்.

இதையெல்லாம் பின்னால் இருந்து எழுதி, திருத்தி, கட்டிக்காத்தவர் கொடவடிகண்டி குடும்பராவ். அவரும் தெனாலிக்காரர். 1952 முதல் 1980-இல் இறக்கும்வரை பத்திரிகையின் ஆசிரியர் வேலை அவருடையது. பௌதிகம் படித்தவர், மார்க்சியப் பார்வை உள்ள பெரிய எழுத்தாளர். பேய்க்கு அவரிடம் ஒரு மரியாதையும் கிடையாது. அப்படிப்பட்டவரிடம் வேதாளத்தை ஒப்படைத்ததில்தான் சக்ரபாணியின் சாமர்த்தியம் தெரிகிறது. பேயை நம்புகிறவன் எழுதினால் பயமுறுத்துவான். நம்பாதவன் எழுதினால் கேள்வியில் கவனம் வைப்பான். தொடர்கதைகளுக்கு தாசரி சுப்ரமணியம் இருந்தார். மந்திரவாதிகள், ராட்சதப் பள்ளத்தாக்கு, பாதாளக் கோட்டை என்று மாதக் கடைசிவரை நகத்தைக் கடிக்க வைத்த தொடர்கள் அவருடையவை. எழுதுகிற ஆசிரியர் குழுவினர் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை. படித்த நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. நிலா சொன்ன கதைக்கு யார் பெயரைப் போடுவது?

ஓவியர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டார்கள். ஆரம்பத்திலிருந்தே சித்ரா இருந்தார். டி.வி.ராகவன் என்பது சொந்தப் பெயர், பள்ளியில் ஓவியம் பயிலாதவர். தாசரியின் ராட்சதர்களுக்கும் விநோத மிருகங்களுக்கும் உருவம் தந்தவர் அவர். எம்.டி.வி.ஆச்சார்யாவின் மகாபாரத அட்டைகளைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் உண்டு. பிறகு வட்டாதி பாப்பையாவின் அட்டைகள். சங்கர் 1952-இல் சேர்ந்தார். கே.சி.சிவசங்கரன், தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் 1924-இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் படித்து, நம் மயிலாப்பூர்க் கலைமகளில் வேலை பார்த்துவிட்டு வடபழனிக்குப் போனவர். வேதாளத்துக்கு நிரந்தர உருவம் வந்தது அவர் கையால். அறுபது வருடம் அந்த ராஜாவை நடக்க வைத்தார். 2020-இல் தொண்ணூற்றாறு வயதில் காலமானார். அடுத்த வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கையில் வாங்க அவர் இல்லை.

சக்ரபாணியின் மறுபாதி சினிமா. அதை முழுக்க எழுத இங்கே இடமில்லை. ஆனால் ஒரு படத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1951-இல் இவர்களுடைய விஜயா நிறுவனம் கே.வி.ரெட்டி இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் பாதாள பைரவி எடுத்தது. மந்திரவாதி ஒருவன் பைரவிக்குப் பலி கொடுக்க வீரமான இளைஞன் ஒருவனைத் தேடி அழைத்துப் போகிறான். இளைஞன் சூழ்ச்சியைத் தெரிந்துகொண்டு மந்திரவாதியையே பலி கொடுத்துவிடுகிறான். படத்தின் கதைக்கு மூலமாகக் காசி மஜிலி கதைகள் என்ற தெலுங்குத் தொகுப்பைச் சொல்வார்கள். ஆனால் உற்றுப் பாருங்கள், சந்நியாசியும் விக்கிரமனும் அங்கேயும் நிற்கிறார்கள். பலி கொடுக்க வந்தவன் பலியாவது, ஏமாற்ற வந்தவனிடமே பாடம் கற்பது. எஸ்.வி.ரங்காராவ் அந்த மந்திரவாதியாக வந்ததைப் பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள ரத்த உறவு புரியும். 1952-இல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் அந்தப் படம் திரையிடப்பட்டது.

மிஸ்ஸியம்மா (1955) முழுக்க வேறு ரகம், வங்காள நாடகம் ஒன்றிலிருந்து வந்த சிரிப்புப் படம். சானடோரியத்தில் கற்ற மொழி இருபது வருடம் கழித்தும் சோறு போட்டது. அதன் தெலுங்குப் பதிப்பில் முதலில் நடித்துக்கொண்டிருந்த பானுமதியை எடுத்துவிட்டு சாவித்திரியைப் போட்டது, எடுத்தவரை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்தது, எல்லாம் இவருடைய பிடிவாதம்தான். நல்ல முதலாளி, கஷ்டமான மனிதர் என்று தோன்றுகிறது. அறுபத்தேழு வயதில், 1975 செப்டம்பர் 24 அன்று சக்ரபாணி காலமானார். அதன் பிறகு பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் நிறுவியவர் என்று போட ஆரம்பித்தார்கள். மேலே இருந்து மேற்பார்க்கும் ஆசிரியர் பொறுப்புக்கு நாகிரெட்டி வந்தார். வேதாளம் எப்போதும்போல மரத்துக்குப் போய்வந்தது. 1998-இல் பத்திரிகை ஒரு வருடத்துக்கு நின்று, மீண்டும் வந்தது. 2007-இல் ஒரு மும்பை நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன் பிறகு சில ஆண்டுகளில் அச்சும் நின்றது.

இப்போது கூட்டத்து விஷயம். போன கோடை விடுமுறையில் அசோசியேஷன் அறையில் குழந்தைகளுக்காகப் புத்தக அலமாரி வைத்தோம். பி பிளாக்கில் வீடு காலி செய்துகொண்டு மகனிடம் போன பெரியவர் ஒருவர், பைண்டு செய்த அம்புலிமாமா பதினோரு தொகுதிகளைக் கொடுத்துவிட்டுப் போனார். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தாயார் வருத்தத்தோடு எழுதியிருந்தார். அவருடைய பிள்ளை வேதாளப் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு ராத்திரி தனியாகப் படுக்க மறுத்துவிட்டானாம். அந்தத் தொகுதிகளை அலமாரியிலிருந்து எடுத்துவிடவேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஆதரித்து ஒன்பது பேர், எதிர்த்து ஏழு பேர் எழுதினார்கள். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். குழந்தையின் தூக்கம் கெட்டால் தாய்க்குத்தான் தெரியும். அவர் கவலையை யாரும் கேலி செய்யவேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

இதே சண்டை வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. 1954-இல் அமெரிக்காவில் படக்கதைப் புத்தகங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று பெரிய கூச்சல் எழுந்தது. பதிப்பாளர்களே சேர்ந்து ஒரு விதித்தொகுப்பு போட்டுக்கொண்டார்கள். ரத்தக்காட்டேரி, பிணம் தின்னி, நடக்கும் பிணம் எதுவும் கூடாது என்று அதில் எழுதினார்கள். அவர்கள் அப்படிப் பூட்டிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில்தான் இங்கே ஆற்காடு ரோட்டிலிருந்து பேசும் பிணம் ஒன்று வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. நம் தலைமுறை அதனால் கெட்டுப்போனதாக எனக்குத் தெரியவில்லை. மெயின்டனன்ஸ் பாக்கி வைப்பவர்கள் பட்டியலைப் பார்த்தால் சந்தேகம் வரும், அது வேறு.

நான் நினைப்பது இது. அந்தப் படத்தைப் பிள்ளை தனியாகப் பார்த்தால் பிணம்தான் தெரியும். கதையோடு சேர்த்துப் பார்த்தால் ராஜா தெரிவான். முதல் வரியிலேயே அவன் சோர்ந்துபோகாதவன் என்று சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் தோற்கிறான், ஒவ்வொரு மாதமும் திரும்பப் போய் மரம் ஏறுகிறான், பேயோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடக்கிறான். இருபத்து நான்கு வயதில் சாவை அடுத்த கட்டிலில் பார்த்த ஒருவர், பிள்ளைகளிடமிருந்து அதை மறைக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்து படிக்கும்படி எழுதினால் போதும் என்று நினைத்தார். சானடோரியத்தையும் சுடுகாட்டையும் இப்படி முடிச்சுப் போடுவது என் ஊகம்தான், அவர் எங்கும் அப்படிச் சொன்னதாக நான் சாதிக்கவில்லை. ஆனால் பாட்டி பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது அந்தப் பத்திரிகையின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஆகவே என் யோசனை: தொகுதிகளை எடைக்குப் போடவேண்டாம். கீழ்த் தட்டிலிருந்து மேல் தட்டுக்கு மாற்றலாம். பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய்ப் படித்துக்காட்டட்டும். சனிக்கிழமை மாலைகளில் ஐந்து முதல் ஆறுவரை அறையில் உட்கார்ந்து வாசிக்க நான் தயார். டி பிளாக்கில் இன்னும் இரண்டு மாமிகள் சம்மதித்திருக்கிறார்கள். தெலுங்கு தெரிந்தவர் யாராவது வந்தால், தொகுதிகளுக்கு நடுவில் சேர்ந்து பைண்டாகியிருக்கும் ஒரு சந்தமாமா இதழையும் பயன்படுத்தலாம். ஒரு வேண்டுகோளும் உண்டு: ஆறாவது தொகுதியில் நான்கு வேதாளத் தலைப்புப் படங்களை யாரோ கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் திருப்பிக் கொடுத்தால் பெயர் கேட்கமாட்டோம், நானே ஒட்டிவிடுகிறேன்.

கூட்டம் வரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு. மொட்டை மாடியில் வெயில் தாங்காது, கீழே ஜெனரேட்டரை ஒட்டிய அறையில். கோரம் சேராவிட்டால் அரை மணி கழித்து அதே இடத்தில் மறுபடி கூடுவோம்.